கட்டிலைத் திருப்பிய ஊசி

காந்த ஊசியின் பயன்கள் யாவை? ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தின் கடைசியில் இந்தக் கேள்வி வரும். நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்த காலம் முழுக்க வருஷம் தவறாமல் இதைக் கேட்டிருக்கிறேன். கடலில் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கும் பாலைவனத்தில் போகிறவர்களுக்கும் வானத்தில் விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் திசை காட்டும் என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அதில் கடலைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இருக்காது. பாலைவனம் கொல்லிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். நானும் கடலைப் பார்த்தவள் இல்லை. ஆனாலும் சரி என்று சிவப்பு மையில் குறி போட்டிருக்கிறேன்.

புத்தகத்தில் போடாத பயன் ஒன்று உண்டு. ஒரு முட்டாள் கையில் அந்த ஊசி கிடைத்தால் அதை வைத்து ஒரு வீட்டையே ஆட்டிவைக்கலாம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மூத்தார். மாமா என்று கூப்பிடுவேன். மரியாதையை வாயோடு நிறுத்திக்கொண்டேன், மனசில் வைத்ததில்லை.

எங்கள் மலையில் யாரும் திசை சொல்லி வழி காட்ட மாட்டார்கள். மேலே, கீழே, இரண்டே வார்த்தைதான். சேலத்துக்காரர்கள்தான் கெழக்கால போ, வடக்கால திரும்பு என்பார்கள். மலை ரோட்டில் அது செல்லாது. ஒரு வளைவில் வெயில் மூஞ்சியில் அடிக்கும், அடுத்த வளைவில் பிடரியில் அடிக்கும். ஏற்காட்டில் ஏரிக்கரைக் கடைகளில் சின்னதாகத் திசைகாட்டி வைத்த சாவிக்கொத்து விற்பார்கள். சீசனுக்கு வருகிற புது மாப்பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு, பனிமூட்டத்துக்குள் நின்று, வடக்கு எது என்று பெண்டாட்டிக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள். வடக்கு தெரிந்து என்ன செய்யப்போகிறார்களோ தெரியாது. லாட்ஜுக்குப் போகிற வழியைக் கடைசியில் வேர்க்கடலை விற்கிறவனிடம்தான் கேட்பார்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக நாகலூர் வருகிற தனியார் பஸ். இருபது கொண்டை ஊசி வளைவையும் வெற்றிலை மென்றுகொண்டே ஏறிவிடுவார். அதிகம் பேசாத மனுஷன். பேச வேண்டியதை ஹாரனில் பேசுவார். எதிரே வருகிற லாரிக்காரனைத் திட்ட ஒரு ஹாரன், தெரிந்த வண்டிக்கு ஒரு ஹாரன், சோற்றுக்கு உலை வை என்று எனக்கு ஒரு ஹாரன். எங்கள் வீடு நாகலூர் ரோட்டில் ஒரு வளைவுக்கு மேலே இருந்தது. முன் அறை ஜன்னலில் நின்றால் ரோடு தெரியும், வளைவில் திரும்புகிற பஸ்ஸின் நெற்றி தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலையில், ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியோடு சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்டிருந்த இரும்புக் கட்டில் ஒன்றை எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஆள் வைத்துத் தூக்கிவரச் செய்தார். நாலு ஆம்பளை சேர்ந்தால்தான் அசையும். அதை முன் அறையில், கால்மாட்டில் ஜன்னல் இருக்கும்படி போட்டோம். படுத்தபடியே ரோட்டைப் பார்க்கலாம். திசை பார்த்துப் போடவில்லை. ரோட்டைப் பார்த்துத்தான் போட்டோம்.

அவரோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர்தான் முதலில் ஆரம்பித்தது. வளைவில் வேகத்தைக் குறைத்து, சின்னதாக இரண்டு தடவை ஹாரன் அடித்தார். கட்டிலில் கிடந்தவரின் இடது கை ஆள்காட்டி விரல் எழுந்தது. ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் எதிர் வண்டிக்காரனுக்கு டிரைவர்கள் விரலை மட்டும் தூக்குவார்களே, அதே மாதிரி. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். கொஞ்ச நாளில் அந்த ரோட்டில் ஓடின எல்லா பஸ்ஸும் அந்த வளைவில் இரண்டு ஹாரன் அடித்தன. ஒவ்வொன்றுக்கும் விரல் எழும். சீசனுக்கு வருகிற கார்க்காரர்கள் காரணமில்லாமல் அடிப்பார்கள். அவர்களுக்கு விரல் கிடையாது, கண்ணை மூடிக்கொள்வார். அந்த அலட்சியத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். என் புருஷன் உள்ளே அப்படியேதான் இருக்கிறார் என்று தெரியும். பஸ் தாமதமானால் நான்தான் வண்டியைப் பிடித்துவைத்த மாதிரி என்னை முறைப்பார். அந்த ஜன்னல் எதிரே இருந்தவரைக்கும் கஞ்சி இறங்கியது, தூக்கம் வந்தது. வேறு மருந்து எங்களிடம் இல்லை.

இந்த நேரத்தில்தான் மூத்தார் வைத்தியராகிவிட்டிருந்தார். சேலத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் பல்பு ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற மனுஷன். ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த காந்த சிகிச்சை வகுப்புக்கு மூன்று நாள் போனார், நாலாம் நாள் நாடி பிடிக்க ஆரம்பித்துவிட்டார். மரப்பெட்டிக்குள் இரண்டு வட்டக் காந்தம், அதன்மேல் தண்ணீர் பாட்டில். ராத்திரி முழுக்க இருந்தால் அது காந்தத் தண்ணீராம். மலச்சிக்கலுக்கு வடதுருவத் தண்ணீர், வயிற்றுப்போக்குக்குத் தென்துருவத் தண்ணீர். இரண்டையும் கலந்து குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பொம்பளைகளுக்கு எல்லாமே விளையாட்டு என்றார். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். அவருக்குக் கேட்க ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அவர்களில் என் மகனும் ஒருவன். ஒரே மகன். சேலத்தில் ஜவுளிக்கடையில் வேலை. பெரியப்பா சொல்லி வாங்கிக்கொடுத்த வேலை, பெரியப்பா வீட்டுச் சாப்பாடு. லீவுக்கு மலை ஏறி வருவான். அப்பனைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போகும். எதையாவது பிடித்துத் தொங்க அவனுக்கு ஒரு கிளை வேண்டியிருந்தது. கிடைத்தது ஒரு முருங்கைக் கிளை.

முதல் தடவை மூத்தார் வந்தபோது கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பித்தளைத் திசைகாட்டி தொங்கியது. மூடி போட்டது, உள்ளங்கை அகலம். நேரே தம்பியின் தலைமாட்டில் போய் நின்றார். இடது கையைத் தம்பியின் நெற்றியில் வைத்தார். வலது கையால் திசைகாட்டியைத் திறந்து, தொப்பையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஊசியின் சிவப்பு முனை ஆடி நின்றது.

"என்ன அம்மிணி, தம்பியை இப்புடியா போட்டு வெச்சிருக்கறே?" என்றார்.

"எப்படிங்க மாமா?"

"தலை நேரா வடக்கே கெடக்குது. பூமியே பெரிய காந்தம். மனுசன் தலையும் காந்தம். வடக்கும் வடக்கும் சேந்தா தள்ளும். ரத்தம் மண்டைக்கு ஏற மாட்டீங்குது. நொம்பத் தப்பு. அதுனாலதான் வாய் தெறக்க மாட்டீங்குது."

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோதுதானே விழுந்தார், அப்போது தலை வானத்தைப் பார்த்துத்தானே இருந்தது என்று கேட்க நினைத்தேன். ஆனால் வடக்கே தலை வைக்காதே என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பேச்சு. எங்கள் வீட்டில் வெயில் அடுப்படிப் பக்கமாக வரும், அப்படியானால் ஜன்னல் தெற்கு, தலைமாடு வடக்கு. அந்த மனுஷன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் என்னால் தடுக்க முடியவில்லை.

அக்கம்பக்கத்து ஆம்பளைகளைக் கூப்பிட்டு, லீவுக்கு வந்திருந்த மகன் கட்டிலைத் திருப்பினான். தலை ஜன்னல் பக்கம் போயிற்று. கண்ணுக்கு எதிரே வெறும் சுவர், அதில் ஓர் உரக்கடைக் காலண்டர்.

பஸ் வந்தது. இரண்டு ஹாரன். சத்தம் இவருக்கு மண்டைக்குப் பின்னாலிருந்து வந்தது. கண்ணை மேலே உருட்டிப் பார்த்தார், வெள்ளைதான் தெரிந்தது. விரல் பாதி எழுந்து விழுந்தது. கொஞ்ச நாளில் அதுவும் எழவில்லை. கஞ்சியை உதட்டில் வைத்தால் வாயை இறுக்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ் ஏறும்போது டிரைவர் கேட்டார். "டீச்சரக்கா, அண்ணன் நல்லாருக்காருங்களா? நாங்க அடிக்கறது கேக்குதுங்களா?" கேட்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

திருப்பிப் போட்டுவிடலாம் என்று மகனிடம் சொன்னேன். "ஏம்மா, அப்பாவுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா அப்புறம் ஜன்னலை வெச்சு என்ன பண்றது?" என்று கேட்டான். வயசு வந்த பிள்ளை கண் கலங்கி நின்றால் எந்தத் தாயும் பிடிவாதம் பிடிக்க மாட்டாள்.

அடுத்த மாதம் மூத்தார் மறுபடி வந்தார். இந்தத் தடவையும் தலைமாட்டில்தான் போய் நின்றார், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நெற்றியில் கை. தொப்பையில் திசைகாட்டி. ஊசி நின்றது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"யாரு கட்டிலைத் திருப்புனது? தலை மறுக்காவும் வடக்கே இருக்குது!"

"யாருமே திருப்பலீங்க மாமா. நீங்க போடச் சொன்ன மாதிரியேதான் கெடக்குது. பழைய தலைமாடு அந்தச் சுவத்துப் பக்கம் இருந்துது. அதுவும் வடக்கு, இதுவும் வடக்குங்களா?"

"ஊசி பொய் சொல்லுமா?"

"வெயில் அடுப்படிப் பக்கம் வருதுங்க. அது கெழக்குன்னா, நீங்க நிக்கறது தெக்குங்க."

அவர் சிரித்தார். வகுப்பில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சில வாத்தியார்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "சூரியன் ஆறு மாசம் இந்தப் பக்கம் போகும், ஆறு மாசம் அந்தப் பக்கம் போகும் அம்மிணி. அதைய நம்பக் கூடாது. ஊசி நவுராது. கட்டிலைத் திருப்பிப் போடுங்க."

உலகம் உண்டான நாளிலிருந்து தவறாமல் வருகிற சூரியனை நம்பக் கூடாதாம், சேலம் கடைவீதியில் வாங்கின பித்தளை டப்பாவை நம்ப வேண்டுமாம். பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் கட்டிலைத் திருப்பச் சொல்லிவிட்டாரே! திருப்பினால் பழையபடி ஜன்னல் கால்மாட்டுக்கு வந்துவிடும். கிடைத்தவரை லாபம் என்று வாயை மூடிக்கொண்டேன். கட்டில் திரும்பியது. அன்று சாயங்கால பஸ் வந்தபோது, இரண்டாவது ஹாரன் அடிக்கும் முன்னே விரல் எழுந்துவிட்டது. ராத்திரி ஒரு கிண்ணம் கஞ்சியும் போயிற்று.

அந்தச் சந்தோஷம் மூத்தாருடைய அடுத்த வருகை வரைக்கும்தான். இந்தத் தடவை மகனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினார். தலைமாடு, நெற்றி, தொப்பை, ஊசி. வடக்கு! என்னைத் திருடியைப் பார்ப்பது போல் பார்த்தார். அவர் பார்த்தது எனக்குப் பெரிதில்லை. என் மகனும் பார்த்தான்.

"அம்மா, நாங்க போனதுக்கப்புறம் நீங்கதானே திருப்பிப் போடறீங்க?"

அந்த ஒரு கேள்விக்காக மூத்தாரை நான் இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

"நெடுக்கால போட்டாத்தானே இந்தப் பொம்பளை திருப்பறா? குறுக்கால போடுங்க" என்று உத்தரவு வந்தது. அடுப்படிப் பக்கம் உள்வாசல் இருந்ததால் தலையை எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளினார்கள். ஜன்னல் இப்போது அவருடைய வலது பக்கம். அவருக்கு வலது பக்கம் என்பதே கிடையாது, கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது. இந்தத் தடவை ஊசியைப் பார்த்துச் சரிபார்க்கக்கூட மூத்தாருக்கு நேரமில்லை. கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் குளிருக்கு வெந்நீர் கேட்டார். கொல்லைப்புறம் தட்டி மறைப்புக்குள் குளிக்கப் போனார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார். பக்கத்தில் அகலமாக ஒரு துணி பெல்ட் தொங்கியது. இடுப்பு வலிக்குக் கட்டியிருப்பார்போல என்று நினைத்தேன். திசைகாட்டி துவைக்கிற கல்லின் மேல் இருந்தது. துணி துவைக்க வேண்டுமே என்று அதை எடுத்தேன். மூடி திறந்துகொண்டது. சிவப்பு முனை கொடியைப் பார்த்து நின்றது. நான் இந்தப் பக்கம் நகர்ந்தேன், முனை கொடியைப் பார்த்தது. அந்தப் பக்கம் போனேன், அப்போதும் கொடியைத்தான் பார்த்தது. பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். என் வளையலில் மாட்டியிருந்த ஊக்கு டக்கென்று போய் அதில் ஒட்டிக்கொண்டது.

பெல்ட் முழுக்கக் காந்தம். வட்டவட்டமாக, வரிசையாக, துணிக்குள் வைத்துத் தைத்திருந்தது. பிரஷருக்காக இந்த மனுஷன் அதைச் சட்டைக்குள் தொப்பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அந்தத் தொப்பையின் மேலேயே திசைகாட்டியை வைத்து வடக்கு பார்த்திருக்கிறார். காந்த ஊசிக்கு அருகில் வேறு காந்தம் இருக்கக் கூடாது என்று ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. அவர் நின்ற இடமெல்லாம் வடக்கு. அவர் எப்போதும் நின்றது தலைமாட்டில். அதனால் தலை எப்போதும் வடக்கு.

திசைகாட்டியை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனேன். அங்கே ஊசி நிதானமாக ஆடி, மலை ஏறுகிற பக்கமாக நின்றது. முதன்முதலில் என் வீட்டுக்காரரின் தலைமாடு இருந்த அதே பக்கம். ஆக, முதல் தடவை மூத்தார் சொன்னது உண்மைதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது. ஜன்னலைப் பார்க்க வேண்டுமானால் என் புருஷன் வடக்கே தலை வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஊசி காட்டிய வடக்கு மேல் எனக்கு ஒரு பயமும் வரவில்லை.

மூத்தார் குளித்துச் சட்டை போட்டு, விபூதி பூசி, இட்லி சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பொறுத்தேன். மகன் இருந்தான், பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள்.

"மாமா, திசைகாட்டியைக் கையில வெச்சுக்கிட்டு கட்டிலை ஒருக்கா சுத்தி வாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா வாங்க. தம்பி நல்லதுக்குத்தானுங்க."

சுற்றினார். தலைமாட்டில் ஊசி அவரைப் பார்த்தது. இடப்பக்கம் வந்தார், அவரைப் பார்த்தது. கால்மாடு, வலப்பக்கம், எங்கே போனாலும் சிவப்பு முனை அவர் தொப்பையை விட்டு அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இனி இந்த மனுஷன் எந்த முகத்தோடு பஸ் ஏறுவார் என்று நான் காத்திருந்தேன்.

மூத்தார் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்து விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பாத்தியா கண்ணு? ஊசி என்னையப் பாக்குது. உடம்புல சக்தி ஏறிப் போச்சுடா. வகுப்புல சொன்னாங்க, ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் இப்புடி ஆவுமுன்னு."

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சட்டைக்குள்ள இருக்கற பெல்ட்டை அவுத்து வெச்சுட்டு சுத்துங்க மாமா, சக்தி எங்க போவுதுன்னு பாப்போம்" என்றேன்.

"பெல்ட்டைக் கழட்டுனா பிரஷர் ஏறிப் போயிரும்."

மகன் என் கையைப் பிடித்தான். "அம்மா, பெரியப்பாகிட்ட இப்படியெல்லாம் பேசாதீங்க." கெஞ்சுகிற குரல். ஊசி திரும்பியதை அவனும்தான் பார்த்தான், பெல்ட்டைப் பற்றி நான் சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் பெரியப்பாவிடம் சக்தி இல்லை என்றால் அப்பா எழுந்து நடக்கப்போவதில்லை என்று ஆகிவிடும். அதை அவனால் தாங்க முடியவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பயத்தைத் தின்று கொழுத்த அந்தத் தொப்பையின் மேல்தான் வந்தது.

நிரூபித்துவிட்டால் போதும், உலகம் ஒத்துக்கொள்ளும் என்று பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்கு மூத்தார் இல்லை போலிருக்கிறது.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வெள்ளக்கடையிலிருந்து கொத்தனாரை வரச்சொன்னேன். கட்டிலைத் திருப்பி ஜன்னல் எதிரே போட்டு, தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் செங்கல் கொடுத்து, தரையைக் கொத்தி, நாலு காலையும் சேர்த்து சிமெண்ட் பூசு என்றேன்.

"ஏனுங்க டீச்சர், கட்டிலுக்கு யாராச்சும் சிமெண்ட் போடுவாங்களா?" என்றார். "கூட்டிப் பெருக்கறது எப்புடிங்க?"

"அது என் பாடு. நீ போடு."

சிமெண்ட் இறுகுகிறவரைக்கும் என் வீட்டுக்காரரைப் பாயில் படுக்கவைத்திருந்தேன். கொத்தனார் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிக் கட்டிலில் விட்டதும் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடது பக்க உதடு மட்டும் கொஞ்சம் கோணியது. அவர் சிரித்து நான் பார்த்தது கைகால் விழுந்த பிறகு அதுதான் முதல் தடவை.

மூத்தார் அதற்குப் பிறகு ஒரே தடவை வந்தார். தலைமாட்டில் நின்றார், ஊசியைப் பார்த்தார், வடக்கு என்றார், கட்டிலைப் பிடித்துத் தள்ளினார். கட்டில் அசையவில்லை. தொப்பைதான் அசைந்தது. குனிந்து சிமெண்டைப் பார்த்துவிட்டு, "உம் புருசனை நீயே கொல்லப் போறே அம்மிணி" என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் இறங்கிப்போனார். எனக்குப் பால் மிச்சம். சேலத்தில் அவர் வீட்டு வாசலில் அப்போது கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. வருகிறவர்களுக்கு ஊசி தன்னைப் பார்ப்பதைக் காட்டிவிட்டுத்தான் வைத்தியமே ஆரம்பிப்பாராம். ஓர் ஆள்கூடச் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. மகன் வருவதும் குறைந்தது. வந்தாலும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவான், என்னிடம் பேசமாட்டான். கட்டில் காலடியில் இருந்த சிமெண்டை மட்டும் பார்ப்பான்.

வடக்கே தலை வைத்தபடி என் வீட்டுக்காரர் பிறகும் சில மழைக்காலம் பார்த்தார். பேச்சு வரவில்லை, கை வரவில்லை. விரல் மட்டும் ஒரு பஸ்ஸுக்கும் தவறவில்லை. புதிதாக வேலைக்கு வந்த டிரைவர்களுக்கும் பழையவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு மார்கழிக் காலையில் நான் கஞ்சியோடு வந்தபோது கண் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தது. உயிர் இல்லை.

மதியத்துக்குள் சேலத்திலிருந்து மகன் வந்தான். மூத்தாரும் வந்தார். வாசலில் தார்ப்பாய் கட்டி பெஞ்சு போட்டிருந்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலோடு தூக்க முடியாது என்பதால் மகன் தோளைப் பிடிக்க, டிரைவர்கள் இடுப்பையும் காலையும் பிடிக்க, அவரைக் கையிலேயே தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பெஞ்சில் கிடத்தப் போகும்போது மூத்தார் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க, இருங்க. பொணத்துக்குத் தலை தெக்கே இருக்கோணும்." கயிற்றை இழுத்து, மூடியைத் திறந்து, தொப்பையில் வைத்துக்கொண்டார். ஊசி ஆடியது. அவருக்கும் வயசாகிக் கை நடுங்கியது. ஊசி நிற்கவில்லை. "சித்த பொறு கண்ணு, ஊசி நிக்கட்டும்."

நாலு பேர் என் புருஷனைக் கையில் ஏந்திக்கொண்டு அந்த ஊசி நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். அவர் தலை மகனின் தோளில் சாய்ந்திருந்தது. மகன் பெரியப்பாவின் கையைப் பார்த்தான், கை அண்டியிருந்த வயிற்றைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. தலை எந்தப் பக்கம்?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"கால் ரோட்டுப் பக்கம்" என்றேன்.

அப்படியானால் தலை வடக்கே போகிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். மகன் அதைக் காதில் வாங்கவில்லை. காலை ரோட்டுப் பக்கம் வைத்துக் கிடத்தினான். குனிந்து அப்பாவின் இடது கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தான்.

அப்போது கீழே மதிய பஸ் வந்தது. பனியில் எங்கள் வாசல் அந்த டிரைவருக்குத் தெரிந்திருக்காது, செய்தியும் தெரிந்திருக்காது. வளைவில் வேகத்தைக் குறைத்து, சின்னதாக இரண்டு தடவை ஹாரன் அடித்தார். நானும் என் மகனும் ஒரே நேரத்தில் அந்த விரலைப் பார்த்தோம்.